தீட்டு: நோயும் ஒழுங்கும்

'சாதி ஒரு மனநோய்' என்று நம் மேடைகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இக்குறிப்பு.

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயை 'கிறுக்கு' என்று ஒதுக்கும் சௌகரியத்தை, ராக்மனும் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வு கலைத்துப்போட்டது. அருவருப்பான, வன்முறையான எண்ணங்கள் நோயில்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் வருகின்றன. எண்ணத்தின் உள்ளடக்கத்தில் அதிக வித்தியாசமில்லை. அப்படியானால் நோய் எங்கே தொடங்குகிறது? எண்ணத்துக்குக் கொடுக்கும் அர்த்தத்தில் என்றார் சால்கோவ்ஸ்கிஸ் (1985). 'நெனப்பு வந்துடுச்சு, தடுக்கலேன்னா நடந்துடும், பழி எனக்குத்தான்' என்ற மிகைப் பொறுப்புணர்வே கையைத் திரும்பத் திரும்பக் கழுவவைக்கிறது. 1997இல் ஆய்வாளர் குழுவொன்று இத்தகைய நம்பிக்கைகளை ஆறாக வகுத்தது: மிகைப் பொறுப்பு, எண்ணத்துக்கு அதீத முக்கியத்துவம், எண்ணத்தை அடக்கியே ஆக வேண்டும் என்பது, ஆபத்தைப் பெருக்கிப் பார்ப்பது, நிச்சயமின்மையைத் தாங்க முடியாமை, பூரணத்துவம்.

வலுவான கோட்பாடுதான். ஆனால் வினாப்படிவம் இவற்றைத் தனிமனிதத் தலைக்குள் வைத்தே அளக்கிறது. 'நெனச்சாலே பாவம்' என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? தொட்டால் ஒட்டும் என்பதைத் தெருவும் கிணறும் தனிக்குவளையும் அன்றாடம் போதித்த சமூகம் இது. 1907இல் ஃபிராய்டு நோயாளியின் சடங்கையும் மதச் சடங்கையும் அருகருகே வைத்தார். யார் யாரைத் தொடக்கூடாது என்கிற அதிகாரத்தை அங்கே அவர் கேட்கவில்லை.

அப்படியானால் சாதியும் நோய்தானே என்றால், இல்லை. கையைக் கழுவிக் கழுவித் தோல் வெடித்தவருக்குப் பெரும்பாலும் தெரியும், இது அதிகப்படி என்று. அவர் தன்னையே சந்தேகித்து, தன்னையே தண்டித்துக்கொள்கிறார். தனிக்குவளை வைப்பவருக்குச் சந்தேகமே கிடையாது. நிம்மதியாகத் தூங்குகிறார், தண்டனை அடுத்தவருக்கு. முன்னது வேதனை, பின்னது ஆதாயம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் நோயாளியை அவமதிக்கிறோம், சாதிக்காரரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறோம்.

1966இல் விக்டர் மேயர் லண்டனில் தொடங்கிவைத்த சிகிச்சைமுறை எளிமையானது, கொடூரமாகக் கடினமானதும்கூட: அஞ்சுவதைத் தொடு, கழுவாமல் இரு. பயந்து நடுங்கிக்கொண்டே இதற்குச் சம்மதிக்கிறார்கள் நோயாளிகள். தன் நம்பிக்கையைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கும் அந்தத் துணிச்சலை ஊர் ஒருபோதும் காட்டியதில்லை. வசைச்சொல்லாக நாம் எடுத்தாள்வது அவர்களுடைய பெயரைத்தான்.