எல்லை தாண்டாத மாத்திரை

14416 என்ற எண்ணுக்கு அழைத்தால் 20 மொழிகளில் மனநல ஆலோசனை கிடைக்கும். எனவே வெளிமாநிலத் தொழிலாளிக்கு இனி மொழித்தடை இல்லை என்ற வாதம், டெலி மானஸ் என்னும் இந்த அரசுத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியதிலிருந்து ஓங்கி ஒலிக்கிறது. அந்த நிறைவு எனக்கு இல்லை.

நன்மையை மறுக்கவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையிலிருந்து கர்நாடகத்தின் குடகுக்குக் காப்பி பறிக்கப் போனவர் நள்ளிரவிலும் தமிழில் பேசலாம், செலவில்லை. செய்வினை, சாமி குற்றம் என்று அவர் சொல்வதை இகழாமல் கேட்டு, அதற்குள்ளிருக்கும் நோயை அறியத் தமிழ்க் காது வேண்டும்.

ஆனால் நெடுநாளாக நான் சொல்லிவரும் குறை அப்படியே இருக்கிறது: பேச்சு எல்லை தாண்டுகிறது, சிகிச்சை தாண்டவில்லை. மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் மாத்திரையை மாதக்கணக்கில், பலர் ஆண்டுக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுபவருக்கு இடையிடையே ரத்தப் பரிசோதனையும் தேவை. மாவட்ட மனநலத் திட்டமோ மாவட்டத்தோடு நிற்கிறது. கள்ளக்குறிச்சியில் சிகிச்சை பெற்றவர் குடகின் மடிக்கேரியில் புது நோயாளி. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியவர் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போகும், கடன் நீளும். 'பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்' என்று தொலைபேசி கனிவாகச் சொல்லும். இழந்த கூலியை யார் தருவார்?

பண்பாடறிந்த சிகிச்சை என்பது நோயாளி பிழைக்கும் விதத்தை அறிந்த சிகிச்சை. பருவந்தோறும் ஊரைவிட்டுப் போவதுதான் இம்மலையில் பலரின் பிழைப்பு. 2024 ஜூனில் கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, கல்வராயன் மலைமக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கெடுத்தது. இனியும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இதையெல்லாம் விட்டுவிட்டு மொழியை மட்டும் கணக்கில் எடுக்கும் திட்டம், நோயாளியின் வாயைப் பார்க்கிறது, வயிற்றைப் பார்க்கவில்லை.

'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் அரிசியை வேறு மாநிலத்திலும் வாங்க முடிகிறது. மாத்திரைக்கு ஏன் முடியாது? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசு சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. ஊர் மாறினால் அந்த உரிமை போய்விடுவதில்லை.

பருவத்துக்குப் புறப்படுமுன் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலேயே, மருத்துவர் பாதுகாப்பு எனக் கருதும் அளவுக்கு மாத்திரை. கையில் தெளிவான சிகிச்சைக் குறிப்பு. போகும் மாவட்டத்து மருத்துவருக்கு முன்தகவல். இம்மூன்றையும் தமிழக, கர்நாடக, கேரள சுகாதாரத் துறைகள் கூடிப் பேசிக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை 20 மொழி என்ற கணக்கைச் சாதனையாகக் காட்டக் கூடாது.