சேலை கார்டும் சேடில் பேக்கும்

தங்கை மகன் மீட்டியார் 350 வாங்கியிருக்கிறான். 349 சி.சி., எடை 191 கிலோ, தரையிலிருந்து சீட் 765 மில்லிமீட்டர். பிறந்த குழந்தையின் எடையைச் சொல்வதுபோல வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மூன்றாம் வாரம் எனக்கு போன் வந்தது.

‘‘மாமா, வண்டிக்கு சேடில் பேக் மாட்டணும். நீங்கதான் கண்டதையும் விமர்சனம் பண்ணுவீங்களே, இதையும் கொஞ்சம் பண்ணிக் குடுங்க.’’

கிண்டல்தான். இருந்தாலும் யோசித்துப் பார்த்தால் நியாயமான கோரிக்கை. ஒரு படம் சரியில்லை என்றால் இரண்டரை மணி நேரமும் பாப்கார்ன் காசும்தான் நஷ்டம். பை சரியில்லை என்றால் அது ஏற்காடு மலையில் பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில், எதிரே பஸ் வரும்போது தெரியவரும். எதை முதலில் விமர்சனம் செய்ய வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

சேடில் பேக் என்பது ஒன்றும் புதிய சமாச்சாரம் இல்லை. பின் சக்கரத்தின் இரு பக்கமும் தொங்குகிற ஜோடிப் பை. கழுதைப் பொதி என்றால் நம் தாத்தாவுக்கு உடனே புரிந்திருக்கும். சேர்வராயன் மலைக்கு 1820-களில் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் காபியைக் கொண்டுவந்தபோது மோட்டார் ஏது? மலைப்பாதைகளில் சுமை ஏறி இறங்கியதெல்லாம் மனிதத் தலையிலும் பொதிமாட்டின் முதுகிலும்தான். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும், வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், நடக்கும்போது ஆடக் கூடாது. மாட்டுக்குச் சொன்ன மூன்று விதியும் மோட்டார் சைக்கிளுக்கும் அப்படியே பொருந்தும்.

அமெரிக்காவில் 1860-ல் ‘போனி எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு தபால் சேவை. குதிரையிலேயே கண்டத்தைக் கடப்பது. பதினெட்டே மாதத்தில், தந்திக் கம்பி வந்ததும் மூடிவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய பை இருக்கிறதே, அது அற்புதம். சேணத்தின் மேல் போர்வைபோலப் போடும் ஒரு தோல், அதில் நான்கு பைகள். கட்டு கிடையாது, முடிச்சு கிடையாது. குதிரை மாற்றும் இடத்தில் ஒரே தூக்காகத் தூக்கி அடுத்த குதிரை மேல் போட்டு ஏறி உட்கார்ந்தால் ஆளின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்குக் கடையில் விற்கிற சில பைகளைக் கழற்ற எனக்கு ஒரு முழு டீ நேரம் ஆகிறது.

அந்தக் குதிரைக்காரக் கனவைத்தான் க்ரூஸர் என்ற பெயரில் நமக்கு விற்கிறார்கள். தாழ்ந்த சீட், நீட்டிய கால், உயர்ந்த ஹேண்டில்பார். 2001-ல் பஜாஜின் எலிமினேட்டர் வந்தது. அடுத்த வருஷம் ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்ட், 2005-ல் அவெஞ்சர். 1955-லிருந்து சென்னையில் புல்லட் செய்து பழகிய கம்பெனி 2020 நவம்பரில் தண்டர்பேர்டுக்குப் பதில் மீட்டியாரைக் கொண்டுவந்தது. வண்டியோடு சேர்ந்து அதன் அலங்காரங்களும் வந்துவிட்டன. இத்தனைக்கும் இந்தக் கனவை உலகம் பூராவும் பரப்பிய ‘ஈஸி ரைடர்’ (1969) படத்தில் கதாநாயகர்கள் பணத்தை ஒளித்து வைப்பது எந்தப் பையிலும் இல்லை, பெட்ரோல் டேங்குக்குள்!

பையனின் நண்பர்களிடம் இரவல் வாங்கி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு ஜோடியை மலைக்கு ஏற்றிப் பார்ப்பது என்று முடிவு. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500-ஐ ஒட்டி. நடுவே இருபது கொண்டை ஊசிகள். பைக்கு இதைவிடப் பரீட்சை கிடையாது. நான் பின் சீட்டில், ஹெல்மெட்டுக்குள் மூக்குக் கண்ணாடியோடு.

முதல் ஞாயிறு, கருப்புத் தோல் பை. தோல் என்பது கடைக்காரர் சொன்னது; மோந்து பார்த்தால் ரெக்ஸின். ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கிற மாநிலத்தில் ரெக்ஸினைத் தோல் என்று விற்க ஒரு தைரியம் வேண்டும். ஓரத்தில் குஞ்சம், முன்னால் இரண்டு பித்தளை பக்கிள். பக்கிளைத் திறக்கப் போனால் அது திறக்காது, சும்மா தைத்து வைத்தது. பின்னால் ஸ்கூல் பையில் இருக்குமே, அந்தப் பிளாஸ்டிக் கிளிப்தான் நிஜமான பூட்டு. பையன் இதை ‘‘ஸ்டைல் மாமா’’ என்றான். என்னைக் கேட்டால், பொய் சொல்கிற பை இது. மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு ரெயின் கோட், ஒரு ஜோடி செருப்பு, அவ்வளவுதான் இடம். நிஜத் தோலாக இருந்தாலும் ஏற்காட்டு மூடுபனியில் ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் பூஞ்சை பிடித்து வெள்ளையாகிவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்து வளர்க்க நேரம் இருக்கிறவர்கள் வாங்கலாம், நாய் வளர்ப்பதுபோல.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிட வேண்டும். வளைவில் வண்டியை நிறுத்தி இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு வந்து அந்தப் போலி பக்கிளோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டுத் தோற்றுப் போனது.

இரண்டாவது ஞாயிறு, துணிப் பை. கனமான நைலான், சீட்டுக்கு மேல் போட்டுக் கட்டுவது. இந்தத் துறையில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். பெங்களூரில் வியாடெர்ரா, மும்பையில் ரைனாக்ஸ் என்று ரைடர்களே வாங்கிப் பாராட்டுகிற கம்பெனிகள் இருக்கின்றன. ஒரு பைக்கு ‘லே’ என்றே பெயர். ஏற்காடு என்று யாரும் பெயர் வைக்கக் காணோம். லடாக்கில் சாகசம், இங்கே பிக்னிக் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.

துணிப் பையில் ஏமாற்று வேலை இல்லை. விரித்தால் விரிகிறது, சுருக்கினால் சுருங்குகிறது. ஆனால் கட்டுகிற கைக்குத்தான் பரீட்சை. பட்டை ஒரு விரல்கடை தளர்ந்தாலும் பை ஊஞ்சலாடும். இடது வளைவிலிருந்து உடனே வலது வளைவுக்கு வண்டியைப் புரட்டும்போது, அல்லது குழியில் இறங்கி ஏறும்போது, அது பின் சக்கரத்தை எட்டிப் பார்க்கும். பை சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நடப்பதை எழுத நான் இருக்க மாட்டேன். வலது பக்கம் வேறு பிரச்னை: சைலன்ஸர். நைலானில் ஒரு வகை 220 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகிவிடும். பாதி மலை ஏறியதுமே கருகல் வாசனை வர, இறங்கிப் பார்த்தால் பையின் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளப்பு.

எடையை எங்கே வைப்பது என்பதிலும் தப்புச் செய்தோம். டூல்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் பையின் பின் மூலையில் கிடந்தன. பின் அச்சுக்கும் பின்னால் கனம் போனால் ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகிவிடும். ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காமல் விலகிப் பேசும். கனமானது அடியில், முன்பக்கம், உடம்போடு ஒட்டி. மறுபடி பொதிமாடுதான். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மழை உறை பையோடு வந்ததாம், நண்பன் வீட்டில் இருக்கிறதாம். உப்பு மூட்டைக்குப் பதிலாகப் பஞ்சு மூட்டையோடு ஆற்றில் இறங்கிய கழுதையின் கஷ்டம் எனக்கு அன்றைக்குத்தான் பூரணமாகப் புரிந்தது.

கவனித்தீர்களோ இல்லையோ, இடது பக்கப் பை கடைசி வரைக்கும் சக்கரத்தைத் தொடவில்லை. காரணம் பையின் பெருமை இல்லை. அங்கே சேலை கார்டு இருந்தது.

நடுவில் ஒரு தரிசனம். ஒண்டிக்கடைப் பக்கம் டீக்கடையில் ஈரம் பிழிந்துகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்து நின்றார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பால் கேன்கள், முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு மூட்டை, அதன் மேல் பலாப்பழம். 1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 பிறந்த நாளிலிருந்து தமிழ்நாட்டின் உண்மையான டூரிங் வண்டி இதுதான், யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கேனை எப்படி மாட்டியிருக்கிறார் என்று குனிந்து பார்த்தேன். முழங்கை வளைவுபோல ஓர் இரும்புக் கொக்கி, கேன் ஆடாமல் கீழே ஒரு வளையம். கனம் முழுக்கத் தாழ்வாக. தூக்கினால் வருகிறது, வைத்தால் உட்காருகிறது. போனி எக்ஸ்பிரஸ்காரர்கள் பார்த்தால் சல்யூட் அடிப்பார்கள். நாற்பது லிட்டர் கேன் இரண்டு என்றால் பாலே எண்பது கிலோவுக்கு மேல். பையன் தன் பையைப் பார்த்தான், பிறகு பெரியவரின் கொக்கியைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

‘‘ஏன் தம்பி, இவ்வளவு பெரிய வண்டியில துணிமணி மட்டுந்தானா?’’ என்றார் பெரியவர்.

மூன்றாவது ஞாயிறு நடக்கவே இல்லை. மூன்றாவது ஜோடி பெட்டி. அலுமினியம், சாவி போட்டுப் பூட்டலாம், மழை புகாது, குரங்குக்கு வழியே இல்லை. எல்லா விதத்திலும் பாஸ். வண்டியின் இடுப்பு இரண்டு பக்கமும் அகலமாகிவிடும், டிராஃபிக்கில் பழைய ஞாபகத்தில் சந்தில் நுழைந்தால் சிக்கிக்கொள்ளும், அது ஒன்றுதான் குறை என்று நினைத்தேன். அதை மாட்ட இரும்பு ஃபிரேம் வேண்டும். ஃபிரேம் மாட்ட ஒரு கடைக்குப் போனோம். கடைப் பையன் வண்டியைச் சுற்றி வந்து, ஸ்பானரை எடுத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்:

‘‘சேலை கார்டைக் கழட்டிட்டா நீட்டா உக்காரும் சார். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.’’

எல்லாரும் அப்படித்தான் பண்ணுகிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் கம்பி வேலி அழகுக்கு வைத்தது இல்லை. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் உட்காருகிறவருக்கு மூன்று விஷயங்கள் தரவேண்டும் என்கிறது: பிடித்துக்கொள்ளப் பிடி, கால் வைக்கப் படி, உடை சிக்காமல் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற தடுப்பு. ஐந்தரை மீட்டர் சேலையின் முந்தானை காற்றில் எப்படிப் போகும் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து எழுதியிருக்கிறார். இசடோரா டங்கன் என்ற உலகப் புகழ் நடனக்காரி 1927-ல் பிரான்சின் நீஸ் நகரத்தில் இறந்தது இப்படித்தான். கழுத்தில் போட்டிருந்த நீளமான ஸ்கார்ஃப் காரின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நம் ஊரில் துப்பட்டா சிக்கிய செய்திகள் ஆறாம் பக்கத்தில் நான்கு வரியில் வந்து போகின்றன.

சேடில் பேக்கின் பிறவிக் குறை இதுதான் என்று எனக்குப் படுகிறது. யாருமே ஒரு பக்கமாக உட்காராத நாட்டில் அதை வரைந்தார்கள். அவர்கள் விளம்பரப் படத்தில் பின் சீட்டில் இருப்பவள் ஜீன்ஸ் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டிருப்பாள், அல்லது யாருமே இருக்க மாட்டார்கள். என் தங்கைக்கு அறுபத்திரண்டு வயது. சேலைதான், இடது பக்கமாகத்தான் உட்காருவாள். அது அத்தனை பாதுகாப்பில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். முழங்கால் வலிக்கு வேறு வழி தெரியவில்லை. இடது பக்கம் பெட்டி வந்தால் அவள் கால் எங்கே போகும்? சேலை கார்டும் போய்விட்டால் முந்தானை எங்கே போகும்? நான் பார்த்த எந்தப் பையின் விளம்பரத்திலும் இதற்குப் பதில் இல்லை. எத்தனை லிட்டர் கொள்ளும் என்றுதான் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

கடையில் பையனிடம் சொன்னேன். ‘‘தனியா லடாக் போறியா, துணிப் பை வாங்கு. சேலை கார்டு அப்படியே இருக்கட்டும், அதுதான் இடது பைக்குக் காவல். வலது பக்கம் சைலன்ஸரைத் தொடாம இருக்க ஒரு கம்பி வச்சுக்கோ. பட்டையை ஒவ்வொரு டீக்கும் இழுத்துப் பாரு. உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போறியா, பக்கத்துல எதுவும் தொங்கக் கூடாது. பின்னாடி கேரியர்ல சின்னதா ஒரு டெயில் பேக் கட்டு, போதும்.’’

‘‘க்ரூஸர் லுக்கே போயிடுமே மாமா.’’

‘‘போகட்டும்.’’

கொஞ்ச நேரம் ஸ்பானரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அலுமினியப் பெட்டியை நண்பனிடம் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டான்.

போன மாதம் அம்மாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனான். நான் பின்னால் பஸ்ஸில். தங்கை ஹெல்மெட் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, மடியில் மஞ்சப்பையோடு ஏறி உட்கார்ந்தாள். ஒரு கை பைக்கு, ஒரு கை பிடிக்கு என்றால் இருபது வளைவு தாங்காது, அதை டெயில் பேக்கில் வை என்று நானும் அவனும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். பத்து நிமிடம் ஆனது. கடைசியில் கொடுத்தாள், உள்ளே தயிர்சாத டப்பா இருக்கிறது, சாய்க்காமல் வை என்று மூன்று தரம் சொல்லிவிட்டு.