கலிலேயச் சிறுவனும் ஒரு பரிசேயரும்

சுவிசேஷங்களில் வெறும் கூட்டமாக வந்துபோகும் கலிலேய ஏழைகளுக்குப் பெயரும் முகமும் கொடுக்கச் சிறுவர் நாவலால் முடியும். அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் ஜார்ஜ் ஸ்பியர் 1961-இல் எழுதிய 'தி பிரான்ஸ் போ' அதை அருமையாகச் செய்கிறது. 1962-இல் நியூபெரி பதக்கம் பெற்ற நாவல் இது. தானியேல் கொல்லுப்பட்டறைப் பையன். அவனுடைய தந்தையை ரோமர்கள் சிலுவையில் அறைந்துவிட்டார்கள். அந்த அதிர்ச்சியில் ஒடுங்கிப்போன தங்கை லேயாள் வாசற்படி தாண்டுவதில்லை. பழிவாங்குவதற்காக மலைக் கொள்ளையரோடு சேர்ந்தவனிடம் இயேசு பகைவனை நேசிக்கச் சொல்வது எத்தனை கொடிய கட்டளை! ஓய்வுநாள் பள்ளியில் அந்த வசனத்தை ஒப்பிக்கும் பிள்ளைக்கு அதன் பாரம் தெரியாது. தானியேலோடு நடந்தால் தெரியும். கடைசிப் பக்கங்கள் வரை அவன் மனம் இளகாமல் முரண்டுபிடிப்பதை ஸ்பியர் மறைக்கவில்லை.

வரலாறுதான் இடறுகிறது. அன்றைய கலிலேயாவை ஆண்டவன் ஏரோது அந்திப்பா, கி.பி. 39 வரை அவன் ஆட்சிதான். ரோமப் படை அங்கே முகாமிட்டிருக்கவில்லை. நாவலிலோ தெருவெல்லாம் ரோம வீரர்கள். கதைக்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எஸ்ரோன் என்ற பரிசேயரைப் படைத்த விதத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. அவருடைய மகன் யோவேல் நல்லவன்தான். ஆனாலும் சட்டத்தை இறுகப் பிடித்து, ஏழைப் பையனை வீட்டைவிட்டு விரட்டுகிற அந்த முகமே 'பரிசேயர்' என்று வாசிக்கும் பிள்ளையின் மனதில் பதிகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 5-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர்களைக் கொலையிலிருந்து காப்பாற்றிய கமாலியேல் ஒரு பரிசேயர், பவுலும் பரிசேயரே. நூற்றாண்டுகளாக யூதர்மேல் வளர்ந்த வெறுப்புக்கு இப்படிப்பட்ட சித்திரங்களும் தீனி போட்டிருக்கின்றன. இந்த நாவலைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர்கள் கமாலியேலின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2001 முதல் 2009 வரை 17 நாவல்களாக வந்த கேரொலின் லாரன்ஸின் 'ரோமன் மிஸ்டரீஸ்' தொடரில் இந்தக் குறை பெரிதும் இல்லை. கி.பி. 79-இல் ஒஸ்தியா துறைமுகத்தில் தொடங்கும் கதை. எருசலேம் அழிந்து 9 ஆண்டுகளே ஆகின்றன. துப்பறியும் சிறுவர்களில் ஒருவனான யோனத்தானின் குடும்பத்தார் யூதர்கள், இயேசுவை விசுவாசிப்பவர்களும்கூட. ஒன்றுக்காக மற்றொன்றை அவர்கள் உதறவில்லை. துப்பறியும் வேகத்தில் பேரரசர் தித்துவே சிறுவர்களை உதவிக்கு அழைப்பதெல்லாம் மிகைதான். ஆனாலும் முதல் தலைமுறை விசுவாசிகள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதை லாரன்ஸ் மறக்கவேயில்லை.