எது நஷ்டம்?

முப்பத்தையாயிரம் டாலருக்கு எல்விஸ் பிரெஸ்லியைக் கைவிட்ட ஏமாளி என்று ஸாம் பிலிப்ஸைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை.

அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் 1950-ல் அவர் ஒரு சிறு ஒலிப்பதிவுக்கூடம் திறந்தார். பெரிய கம்பெனிகள் ஏறிட்டும் பாராத கறுப்பினப் பாடகர்களைத் தேடிப் பாடவைத்தார். பி. பி. கிங்கும் ஹௌலின் உல்ஃபும் அங்கே பாடினார்கள். 1952-ல் ‘ஸன்’ என்ற சொந்த முத்திரையில் இசைத்தட்டு போட ஆரம்பித்தார். 1954-ல் எல்விஸின் முதல் தட்டு அங்கேதான் வெளிவந்தது. மறு வருஷமே ஒப்பந்தத்தை ஆர்.ஸி.ஏ. விக்டருக்கு விற்றுவிட்டார்.

ஏன்? தட்டு விற்க விற்க, அச்சடிக்கிறவனுக்கு உடனே பணம் வேண்டும். கடைக்காரனிடமிருந்து வருவதோ மெல்ல மெல்லத்தான். சின்ன முதலாளியைத் தோல்வி மட்டுமல்ல, வெற்றியும் கவிழ்த்துவிடும்! விற்ற பணத்தில்தான் பிலிப்ஸ் மூச்சுவிட்டார். 1956-ல் கார்ல் பெர்கின்ஸின் தட்டு பத்து லட்சத்தைத் தாண்டியது. ஜானி காஷும் ஜெர்ரி லீ லூயிஸும் அங்கிருந்துதான் புகழேணியில் ஏறினார்கள்.

ஆகவே, எல்விஸ் போனது நஷ்டமல்ல. வெள்ளைக்காரப் பையன்களின் தட்டு விற்கத் தொடங்கியதும், முதலில் பாடிய கறுப்பினப் பாடகர்களுக்கு அந்தக் கதவு ஒருக்களித்துக்கொண்டது. நஷ்டம் என்றால் அதுதான். சின்னக் கம்பெனிக்கு மூலதனம் பணமல்ல, காது. பிறர் கேளாததைக் கேட்பதால்தான் அது பிழைக்கிறது. விற்பதை மட்டுமே கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், பெரிய கம்பெனிக்கும் அதற்கும் கட்டடத்தின் அளவைத் தவிர வேறு வித்தியாசம் ஏது?