ஓரம் நிறைந்த பாடக்குறிப்பு

ஓர் ஆசிரியரின் பாடக்குறிப்பேடு கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது பக்கத்தின் ஓரத்தைத்தான். நடுவில் இருப்பது எல்லாக் குறிப்பேடுகளிலும் ஏறக்குறைய ஒன்றே: பாடத் தலைப்பு, கற்றல் விளைவு, துணைக்கருவி, அறிமுகம், மதிப்பீடு, கீழே தலைமையாசிரியரின் கையெழுத்து. அது பள்ளிக்கும் அதிகாரிக்கும் எழுதியது. ஓரத்தில் இருப்பது ஆசிரியர் தனக்கே எழுதிக்கொண்டது. "இங்கே வகுப்பு நின்றுபோச்சு." "இந்தக் கணக்கு இனி வேண்டாம்." "கடைசி பெஞ்சிலிருந்து வந்த கேள்வி அருமை, அடுத்த வருஷம் அதிலிருந்தே ஆரம்பிக்கணும்." இப்படி இரண்டு மூன்று நிற மையில் ஓரம் நிறைந்த குறிப்பேடு ஒன்று கிடைத்துவிட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

போன வருஷக் குறிப்பைத் தேதி மட்டும் மாற்றி எழுதுவதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே பாடத்தை இருபது ஆண்டு நடத்துகிறவர் ஒவ்வொரு ஜூனிலும் வெள்ளைத் தாளிலிருந்து தொடங்கினால் அதுதான் வீண். பழையதிலிருந்து எதை எடுக்கிறோம் என்பதில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. ஆசிரியர் பேசப்போவதை மட்டும் எழுதிய குறிப்பு அடுத்த வருஷமே பழசாகிவிடும். பிள்ளைகள் சொன்ன பதிலையும், முக்கியமாகத் தவறான பதிலையும், குறித்துவைத்த பக்கம் ஆண்டுக்கு ஆண்டு மதிப்பு கூடிக்கொண்டே போகும்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவரின் குறிப்பேட்டில் நான் மறுபடி மறுபடி புரட்டும் பக்கம் ஒன்று உண்டு. தசம எண்களை ஒப்பிடும் பாடம். நீல மையில் முதல் வினா: 0.5, 0.45 இவற்றில் எது பெரியது? ஓரத்தில், "பாதி வகுப்பு 0.45 என்கிறது. 45 ஐந்தைவிடப் பெரிசாம்." அடுத்த ஆண்டு சிவப்பு மையில் காசு வருகிறது. ஐம்பது காசு பெரிதா, நாற்பத்தைந்து காசு பெரிதா? வகுப்பு ஒரே குரலில் சரியாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஆசிரியை அத்தோடு விடவில்லை. 0.5, 0.125 என்று கேட்டிருக்கிறார். "மறுபடி அதே கதை" என்று கீழே இருக்கிறது. காசில் இரண்டு இலக்கத்துக்கு மேல் வேலை இல்லை. பிள்ளைகளுக்குப் புரிந்தது ரூபாய்க் கணக்கு, தசமம் அல்ல. ஆகவே அதற்கடுத்த ஆண்டு காசு அடிபட்டு, நூறு கட்டம் போட்ட சதுரம் வருகிறது. ஐம்பது கட்டத்துக்கு வண்ணம் தீட்டினால் 0.5, நாற்பத்தைந்துக்குத் தீட்டினால் 0.45. கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

என்னை அசரவைத்தது அதற்குக் கீழே உள்ள பயிற்சிக் கணக்கு. அங்கே 0.6, 0.82 என்ற ஜோடி முதலில் இருந்திருக்கிறது. அதன்மேல் ஒரு கோடு. காரணமும் இருக்கிறது: "தப்பா நினைக்கிறவனும் இதில் சரியாச் சொல்லிடறான்." உண்மைதானே? 82 ஆறைவிடப் பெரிது என்று எண்ணுகிற பிள்ளைக்கும் விடை 0.82தான். டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம், தவறு உள்ளேயே தங்கிவிடும். அதனால் அந்த ஜோடியை நீக்கிவிட்டார். இரண்டு ஆண்டு கழித்துப் பச்சை மையில் அதே ஜோடி திரும்பி வருகிறது! நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்று கேட்டுக்கொண்ட சில பிள்ளைகள், புள்ளிக்குப் பின் இலக்கம் கூடக்கூட எண் சிறிதாகும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர்கள் 0.5, 0.45 வினாவுக்குச் சரியாகவே பதில் சொல்வார்கள், 0.6, 0.82 கொடுத்தால் அகப்படுவார்கள். ஆக, ஒரு ஜோடி ஒருவகைத் தவறைக் காட்டும், இன்னொரு ஜோடி அதற்கு நேரெதிர்த் தவறைக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிடும். எந்தப் பயிற்சிக் கல்லூரிப் பாடமும் இல்லாமல், ஓரக் குறிப்புகளை வைத்தே ஒருவர் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் இதை ஒருவர் தனியாகச் செய்வதில்லை. 'ஜுக்யோ கென்க்யூ' என்னும் பாட ஆய்வில் ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடவேளைக்கான திட்டத்தை வாரக்கணக்கில் எழுதுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பேசித் திருத்துகிறார்கள்; பல நேரம் திருத்திய பாடத்தை இன்னொருவர் இன்னொரு வகுப்பில் நடத்திப் பார்க்கிறார். கல்வி ஆய்வாளர்கள் ஸ்டிக்லர், ஹீபர்ட் இருவரும் 1999இல் எழுதிய நூலுக்குப் பிறகு வெளிநாடுகளிலும் இந்த முறை பேசப்பட்டது. அந்தத் திட்டத்தில் பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்லக்கூடும் என்பதற்கே ஒரு தனிப் பத்தி உண்டு. நம் ஆசிரியை ஓரத்தில் எழுதியது அங்கே தாளின் நடுவுக்கு வந்துவிட்டது.

எண்களைத் தேர்வதில் அவர்கள் காட்டும் அக்கறை தனி ரசனைக்குரியது. ஒன்றாம் வகுப்பில் பத்தைத் தாண்டும் கழித்தலுக்கு 13−9 போன்ற கணக்கை முதலில் வைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 13ஐப் பத்தும் மூன்றுமாகப் பிரித்தால், பத்திலிருந்து ஒன்பது போக ஒன்று; மூன்றைச் சேர்த்தால் நான்கு. ஒன்பது பத்தை ஒட்டியே நிற்பதால், பத்திலிருந்து எடுக்கலாமே என்று பிள்ளைக்குத் தானாகவே தோன்றும். 12−3 கொடுத்தால் விரலை மடக்கிப் பின்னால் எண்ணியே முடித்துவிடுவார்கள். விடை சரிதான், பாடம் நடக்காது.

புதிய தலைப்பைத் தேடி ஓடாததற்கு எனக்குப் பிடித்த சான்று அறிவியலாளர் மைக்கேல் பாரடே. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் 1848இல் மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டவர், 1860இல் அதே மெழுகுவத்திக்குத் திரும்பினார். தன் விருப்பத்துக்கு விட்டால் ஏறக்குறைய எல்லா ஆண்டும் இதையே பேசுவேன் என்று தொடக்கத்திலேயே சொல்கிறார். இரண்டாம் முறை பேசிய ஆறு சொற்பொழிவுகள்தாம் வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து 1861இல் நூலாகி இன்றும் படிக்கப்படுகின்றன.

பாடநூலே மாறிவிட்டதே, பழைய குறிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2010இல் சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள் வந்தன. 2018இலிருந்து மறுபடி புதிய புத்தகங்கள் வந்தன. இரண்டு முறையும் எத்தனையோ குறிப்பேடுகள் எடைக்குப் போயிருக்கும். பாட எண்ணும் பக்க எண்ணும் படங்களும் மாறின. 45 ஐந்தைவிடப் பெரிது என்று சொல்கிற பிள்ளை மாறவில்லை. எந்தப் புத்தகம் வந்தாலும் அந்தப் பதில் வகுப்பில் எழும். அதை எழுதிவைத்த பக்கம் எந்தப் புத்தகத்தோடும் சேர்ந்து நடக்கும்.

நல்ல கையெழுத்துக்காரர்கள் ஜூன் மாதம் புதுக் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் அழகாகப் பெயர்த்து எழுதுவார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. அடித்த கணக்கும் அடித்த காரணமும் அங்கே காணாமல் போகின்றன. மேலே சொன்ன ஆசிரியை ஒற்றைக் கோட்டால் அடித்ததால்தான் 0.6, 0.82 படிக்கும்படி இருந்தது, பச்சை மையில் திரும்பியும் வந்தது. தேவையானால் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டிக்கொள்ளலாமே தவிர, பழைய பக்கத்தை விட்டுவிடக் கூடாது.

பணிமாறுதல் ஆணை வந்ததும் ஆசிரியர்கள் இருப்புப் பதிவேட்டையும் ஆய்வகச் சாவியையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பாடக்குறிப்பேடு மட்டும் அவர்களோடு கிளம்பி வீட்டுப் பரணுக்குப் போகிறது. ஒப்படைக்கும் பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அதே வகுப்புக்கு வரும் புதியவர் வேறெதைப் படிக்காவிட்டாலும் ஓரங்களை மட்டும் படித்துவிட்டு உள்ளே போகட்டும்.