தனியே பறந்த இளைஞன் கேட்ட கேள்வி

றோல்ட் டால் என்றதும் எங்கட பிள்ளைகளுக்கு 'மட்டில்டா'வும் சொக்லேட் தொழிற்சாலையும்தான் ஞாபகம் வரும். அவர் 1986இல் எழுதிய 'கோயிங் சோலோ'வை அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. வீட்டை விட்டுக் கடல் கடந்த ஒரு இளைஞன், போர் விமானம் ஓட்டி, ஆளாகித் திரும்பிய கதை அது. சிறுவர் எழுத்தாளர் என்று ஒதுக்காமல், நாம் நின்று நிதானித்து வாசிக்க வேண்டிய நூல் என்பேன். கதை நடக்கிற இடங்களைப் பாருங்கள்: தாருஸ்ஸலாம், ஹப்பானியா, அலெக்சாந்திரியா, ஹைபா. ஒன்றாவது நமக்கு அந்நியமான பெயரா?

1938இல் ஷெல் எண்ணெய்க் கம்பனியின் ஊழியராகக் கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போகிறார் டால். அடுத்த வருடம் போர் தொடங்க, நைரோபியில் பிரித்தானிய விமானப்படையில் சேர்கிறார். கூடப் பயின்றவர்கள் பதினாறு பேர். அவர்களில் பதின்மூன்று பேர் இரண்டு வருடத்துக்குள் வானிலேயே மடிந்ததாக எழுதுகிறார். ஈராக்கின் ஹப்பானியா முகாமில் மேற்பயிற்சி. 1940 செப்டெம்பரில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் விமானம் விழுந்து, மண்டை உடைந்து, சில வாரம் கண் தெரியாமல் கிடக்கிறார். 1941 ஏப்ரலில் கிரீஸ். ஹரிகேன் ஓட்டிய அனுபவம் ஏறத்தாழ ஏழு மணித்தியாலம்தான். ஏதென்ஸ் வானச் சண்டையில் எழுந்த பன்னிரண்டில் ஐந்தை இழந்தோம் என்கிறார். இது எங்கட நாட்டுக்கும் தூரத்துக் கதையல்ல. அதே கிரீஸ் களத்தில் நின்ற 30ஆம் படையணிதான், 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டபோது இரத்மலானையிலிருந்து எழுந்து சண்டையிட்டது.

நூலின் பலம் அதன் நேர்மை. பாலைவன விபத்தைப் பற்றி 1942இல் அவர் எழுதிய முதல் கட்டுரை, எதிரி சுட்டு வீழ்த்திய கதை போன்ற தலைப்போடு அமெரிக்கச் சஞ்சிகையில் வந்தது. இங்கேயோ, பிழையான இடத்தைச் சொல்லி அனுப்பியதால் இருட்டில் தரையிறக்க நேர்ந்தது என்று உள்ளதைச் சொல்கிறார். தாய்க்கு எழுதிய கடிதங்களையும் இடையிடையே வைத்திருக்கிறார். பயம் நிறைந்த பக்கங்களுக்குப் பக்கத்தில், எல்லாம் நல்லபடி என்கிற தொனியில் கடிதங்கள். வெளிநாட்டிலிருந்து உம்மாவுக்குச் சொல்லும் "நான் சுகம்" எப்படிப்பட்டது என்பது நமக்குப் புதிதா என்ன!

குறையும் உண்டு. வேலைக்காரன் ம்திஷோ, போர் தொடங்கியது என்று கேட்டதும் எசமான் மகிழ்வார் என நம்பி, சுவரில் தொங்கிய அரபு வாளால் ஒரு ஜெர்மானியரை வெட்டிவிட்டு வருகிறான். எசமான் அந்த வாளையே அவனுக்குக் கொடுத்து, வெளியே சொல்லாதே என்கிறார். அதற்குப் பிறகு ம்திஷோ என்ன ஆனான்? நூலுக்கு அக்கறையில்லை. ஹப்பானியாவிலும் வெயில் தெரிகிறது, ஈராக்கியர் தெரியவில்லை. அவர் போன மறு வருடமே, 1941 மே மாதம், அந்த முகாமைச் சுற்றி ஈராக்கியப் படையும் பிரித்தானியப் படையும் மோதின. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நூலில் ஒரு தடயம்கூட இல்லை. வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஊர் தெரியும், மனிசர் தெரியாது.

ஒரே ஒரு இடத்தில் அவர் தரைக்கு வருகிறார். 1941இல் பலஸ்தீனத்தில், கார்மல் மலைக்கு அப்பால் சோளவயல் நடுவே இருந்த ஓடுபாதையைப் பார்வையிட இறங்கியபோது, அநாதைப் பிள்ளைகளோடு ஒரு தாடிக்காரரைச் சந்திக்கிறார். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூத அகதிகள். காணி ஒரு பலஸ்தீன விவசாயியுடையது, அவர் விட்டபடியால்தான் இருக்கிறோம் என்கிறார் அந்த மனிதர். இனி எங்கே போவீர்கள் என்று கேட்க, எங்கும் போகமாட்டோம் என்கிறார். அப்படியானால் பலஸ்தீனியர் ஆகிவிடுவீர்களா என்று இருபத்து நாலு வயது விமானி வெள்ளந்தியாகக் கேட்கிறான். அப்படி ஆவோம் என்று தோன்றவில்லை என்பது பதில். விமானம் ஓட்டுகிற இளைஞனுக்கு எங்கள் பிரச்சினை விளங்காது என்றும் சொல்லிவிடுகிறார். எனக்கு இந்த நூலின் உச்சம் ஏதென்ஸ் சண்டை அல்ல, இந்தச் சோளவயல்தான். அகதியின் துயரமும் காணிக்காரனுக்கு வரப்போகும் துயரமும் ஒரே உரையாடலில் இருக்கின்றன. இரண்டையும் டால் தராசில் போடவில்லை. தனக்கு அன்று விளங்காததை விளங்காததாகவே விட்டிருக்கிறார்.

இதை வைத்து "பார்த்தீர்களா, டால் நம்மட ஆள்" என்று யாரும் துள்ள வேண்டாம். 1982இல் இஸ்ரேல் லெபனானுக்குள் புகுந்ததைக் கண்டித்தவர், அடுத்த வருடம் யூத சமூகம் முழுவதையுமே இழிவாகப் பேசினார். அந்தப் பேச்சுகளுக்காக அவருடைய குடும்பம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு எங்களை நீதியிலிருந்து இழுத்துவிடக்கூடாது என்று மதரசாவில் படித்தவர்கள் நாம். பலஸ்தீனத்துக்காகப் பேசுகிறவர் என்பதால் அந்த வெறுப்பை மன்னித்துவிட முடியாது. அந்த வெறுப்புக்காக சோளவயல் பக்கங்களைக் கிழிக்கவும் தேவையில்லை. அறுபதைத் தாண்டியவரிடம் தீர்ப்புதான் இருந்தது. இருபத்து நாலு வயதுக்காரனிடம் கேள்வி இருந்தது. ஆளாவது என்றால் என்ன என்று இந்த நூல் என்னை யோசிக்க வைத்தது அந்த இடத்தில்தான்.

எங்கட ஊர்ப் பையன்களும் பத்தொன்பது இருபது வயதில் கட்டார், ரியாத் என்று கிளம்புகிறார்கள். திரும்பி வந்தவனிடம் சம்பளத்தைக் கேட்கிறோம், கொண்டு வந்ததைக் கேட்கிறோம். அங்கே யாரைக் கண்டாய், என்ன விளங்கவில்லை என்று கேட்பதில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த நூலைக் கொடுக்கச் சொல்வது அதற்காகத்தான். அவர்களில் ஒருவனாவது தன்னுடைய சோளவயலை ஒரு நாளைக்கு எழுதட்டும்.