பறத்தலும் பிரித்தலும்: ஆப்பிரிக்கப் புதினங்களில் விமானமும் நகரமும்

பின்காலனிய ஆப்பிரிக்கப் புனைகதைகளில் விமானப் பயணம் பெரும்பாலும் விடுதலையின் குறியீடாகவே வாசிக்கப்படுகிறது. டாயே செலாசி 2005இல் எழுதிய கட்டுரையால் பரவலான ‘ஆஃப்ரோபாலிடன்’ என்னும் சொல் இவ்வாசிப்புக்கு வலுச்சேர்த்தது. பல நகரங்களைத் தமதாகக் கொண்டு உலவும் ஆப்பிரிக்கரை அது சுட்டும். புதினங்களை ஊன்றிப் படிப்போர்க்கு வேறொன்று புலனாகும். விமானமும் நகரத்தைப் போலவே மனிதரை வகைபிரிக்கும் இடமாக அவற்றில் அமைந்துள்ளது.

சினுவா ஆச்சிபியின் ‘நோ லாங்கர் அட் ஈஸ்’ (1960) புதினத்தில் ஓபி இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகிறான். காதல் அரும்புவதற்கும் அப்பயணத்தில் நேரமுண்டு. ரசீது வேண்டாமெனில் வரியைக் குறைப்பதாகச் சுங்க அலுவலர் கூறும்போதே லாகோஸ் அவனை எதிர்கொள்கிறது. டேஜு கோலின் ‘எவ்ரி டே இஸ் ஃபார் த தீஃப்’ (2007) புதினத்தில் இதே பேரம் நியூயார்க்கிலுள்ள நைஜீரியத் துணைத்தூதரகத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. கடவுச்சீட்டை விரைந்து பெற ரசீதில்லாக் கட்டணம் செலுத்த வேண்டும். விமானம் ஏறுமுன்பே நகரம் தொடங்கிவிடுகிறது. இதனை ஊழல் பற்றிய விமர்சனம் என்று மட்டும் கடந்துவிடுவது போதாது. கடல்வழி அளித்த இடைவெளியை வான்வழி பறித்துக்கொண்டதன் விளைவும் அதில் உண்டு.

அமா அட்டா எய்டூவின் ‘அவர் சிஸ்டர் கில்ஜாய்’ (1977) விமானத்தின் உட்புறத்தையே காட்டுகிறது. ஐரோப்பா செல்லும் சிஸ்ஸியைப் பின்னிருக்கையிலுள்ள ‘நண்பர்களிடம்’ போகுமாறு பணிப்பெண் பணிக்கிறாள். அவ்விருவரும் அவள் அறியாதவர்கள்; கறுப்பர்கள் என்பதே உறவு. சிமமாண்டா எங்கோசி அடிச்சியின் ‘அமெரிக்கானா’வில் (2013) இப்பிரிவினை குடியுரிமையின் வழி இயங்குகிறது. இஃபெமெலு அமெரிக்கக் கடவுச்சீட்டுடன் தன் விருப்பில் திரும்புகிறாள். ஓபின்சே இங்கிலாந்திலிருந்து வெளியேற்றப்படுகிறான். வெளியேற்றப்பட்டவனே பின்னர் லாகோஸில் நிலவணிகத்தால் செல்வந்தனாகிறான். அவனை உயர்த்திய நகரம் யாரையெல்லாம் விலக்கியது என்ற வினாவை அடிச்சி போதிய அளவு அழுத்தவில்லை என்பது என் கருத்து.

கோலின் கதைசொல்லி உறவினரின் எச்சரிக்கையை மீறி ‘டான்ஃபோ’ எனப்படும் சிற்றுந்தில் ஏறுகிறான். அங்கே ஒரு பெண் மைக்கேல் ஒண்டாச்சியின் நூலொன்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள். கொழும்பில் பிறந்து கனடாவில் வாழும் எழுத்தாளரின் நூல் லாகோஸ் சிற்றுந்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது! அவளுடன் பேச விழைகிறான்; வாய்ப்பின்றி அவள் கூட்டத்தில் மறைகிறாள். கடவுச்சீட்டு எதுவெனக் கேட்கப்படாத அவ்வூர்தியிலும் அவனால் அந்நகரத்தவனாக இயலவில்லை. ஆஃப்ரோபாலிடன் வாசிப்பு இக்காட்சியைப் பொருட்படுத்துவதில்லை.